நடுவதற்கு முன் நான்கு கேள்விகள்

எங்கள் வீட்டின் பின்புறத்தில் ஒரு றம்புட்டான் மரம் நிற்கிறது. நான் முதலாம் தரத்தில் சேர்ந்த வருடம், நோன்புப் பெருநாளன்று உண்ட பழத்தின் விதையை உம்மும்மா அங்கே நட்டார். தண்ணீர் ஊற்றினார், வேலி கட்டினார், கோழிகளைத் துரத்தினார். ஏழாவது வருடத்தில் மரம் பூத்தது. தேனீக்கள் மொய்த்தன. ஆனால் ஒரு காய் கூடப் பிடிக்கவில்லை. அடுத்த வருடமும் அப்படியே. அதற்கடுத்த வருடமும் அப்படியே. "கண் பட்டுவிட்டது" என்றார் அயல்வீட்டு மாமி. "பசளை போதாது" என்றார் வாப்பா. உண்மையான காரணம் வேறு. எங்கள் மரம் ஆண் மரம்.

உயர்தரத்தில் உயிரியல் படிக்கும் எனக்கு அது வெட்கமாகவே இருந்தது. பூவின் பாகங்களைப் பரீட்சைக்காக வரைந்து பழகிய நான், வீட்டில் பூத்த பூவை ஒரு நாளும் உற்றுப் பார்க்கவில்லை. அதன் பிறகே, ஒரு கன்றை வீட்டுக்குக் கொண்டுவரும் முன் என்னென்ன கேட்க வேண்டும் என்று யோசித்தேன். எமக்கு வகுப்புகள், உம்மாமாருக்கு வீட்டு வேலை. தோட்டத்துக்கென்று கிடைப்பது அஸருக்கும் மஃரிபுக்கும் இடையிலான சிறு நேரம்தான். ஆகவே பராமரிப்புக் குறைந்த செடிகளே எமக்கு ஏற்றவை. அவற்றைத் தெரிவுசெய்ய நான்கு கேள்விகள் போதும்.

1. எமது மழையும் வெயிலும் அதற்குப் பொருந்துமா?

பலாங்கொடை கடல் மட்டத்திலிருந்து சுமார் 500 மீற்றர் உயரத்தில் இருக்கிறது. ஏப்ரலிலும், பின்னர் ஒக்டோபர், நவம்பர் மாதங்களிலும் பின்னேரங்களில் மழை கொட்டுகிறது. ஜூலை, ஓகஸ்டில் காற்று வீசி மண் காய்கிறது. இத்தனை மழை மண்ணிலுள்ள கல்சியம், மக்னீசியம் போன்றவற்றைக் கரைத்துக்கொண்டு போவதால் மண் அமிலத்தன்மை அடைகிறது. தேயிலை இங்கே செழிப்பதற்கு இதுவும் ஒரு காரணம்.

சூறா அர்ரஹ்மானில் பேரீச்சையும் மாதுளையும் சொல்லப்பட்டிருப்பதால் அவற்றை வீட்டில் வளர்க்க உம்மா ஆசைப்பட்டார். ஆசை நல்லதுதான். ஆனால் அவை இரண்டும் வறண்ட நாட்டுக்குரியவை. பழுக்கும் காலத்தில் மழை பெய்தால் பேரீச்சம்பழம் பழுதாகிவிடும். காய்ந்த மண்ணில் திடீரென மழை இறங்கினால் மாதுளங்காய் வெடித்துவிடும். கடதாசிப்பூவும் இதே குணமுடையது. ஈரமும் நிழலும் கூடினால் இலையாகவே தள்ளும். முழு வெயிலில் வைத்து, தண்ணீரைக் குறைத்தால்தான் பூக்கும். ஒரு செடி எங்கே பிறந்தது என்று தெரிந்தால், அதைப் பராமரிக்கும் வேலையில் பாதி குறைந்துவிடும்.

2. கன்று எதிலிருந்து வந்தது?

எங்கள் வீட்டில் கேட்கத் தவறிய கேள்வி இதுவே. றம்புட்டான் விதையிலிருந்து முளைத்தால் அது ஆணாகவும் வரலாம், காய்க்கும் மரமாகவும் வரலாம். பூக்கும் வரை வேறுபாடு தெரியாது. காய்க்கும் மரத்தின் மொட்டை ஒட்டி உருவாக்கிய ஒட்டுக்கன்றை வாங்கினால் இந்தச் சந்தேகம் இல்லை. காய்க்க எடுக்கும் காலமும் குறையும்.

மங்குஸ்தான் இதற்கு நேர்மாறானது. அதன் விதை மகரந்தச் சேர்க்கை இன்றியே உருவாகிறது. எனவே விதைக்கன்று தாய்மரத்தைப் போலவே இருக்கும், காய்க்கும். ஆனால் எட்டு, பத்து வருடங்கள் பொறுமை வேண்டும். பப்பாசியிலும் ஆண், பெண், இருபால் மரங்கள் உண்டு. அது சில மாதங்களிலேயே பூத்துவிடுவதால் நட்டம் பெரிதல்ல. ஒரு குழியில் மூன்று நாற்றுகளை நட்டு, பூத்ததும் நல்லதை வைத்துக்கொண்டு மற்றவற்றைப் பிடுங்கிவிடலாம்.

இது புதிய அறிவும் அல்ல. மதீனாவாசிகள் ஆண் பேரீச்சையின் பாளையை எடுத்துப் பெண் பாளையில் சேர்த்து வந்ததை நாம் ஹதீஸ்களில் படித்திருக்கிறோம். அவர்கள் அறிந்திருந்ததை நாம் பாடப்புத்தகத்தோடு விட்டுவிட்டோம்.

3. வளர்ந்த பின் எவ்வளவு இடம் கேட்கும்?

பையில் இருக்கும்போது எல்லாக் கன்றும் ஒரு முழம்தான். பலா, ஆனைக்கொய்யா, மா ஆகியவை கூரைக்கு மேலே போகும். 2022 இல் பொருட்களின் விலை ஏறியபோது, பல நாட்கள் எங்கள் வீட்டின் பகலுணவு அவித்த பலாக்காயும் தேங்காய்ப்பூவும்தான். அந்த மரத்தின் அருமை அப்போது விளங்கியது. ஆனால் வீட்டுச் சுவரோரம் பலாவை நட்டுவிட்டு, பின்னர் நினைத்தபடி தறிக்க முடியாது. 1951 ஆம் ஆண்டின் 9 ஆம் இலக்கச் சட்டத்தின்படி பலா, ஈரப்பலா, பெண்பனை ஆகியவற்றை வெட்ட அனுமதி பெற வேண்டும்.

சரிவில் வீடு இருப்போர் இன்னும் கவனமாக இருக்க வேண்டும். 2016 மே மாதம் கேகாலை மாவட்டத்து அரநாயக்கவில் மலை சரிந்து பலர் மண்ணுக்குள் புதையுண்டதை நாம் மறக்க முடியாது. பூந்தோட்டத்துக்காக வீட்டுக்குப் பின்னாலுள்ள மண்ணைச் செங்குத்தாக வெட்டக்கூடாது. வரம்போரம் வெட்டிவேர் நட்டால் அதன் வேர்கள் நேராகக் கீழிறங்கி மேல்மண் கழுவிச் செல்வதைக் குறைக்கும்.

4. யாருக்காவது தீங்கு செய்யுமா?

பராமரிப்பே தேவைப்படாத செடி என்றால் சற்றுப் பயப்பட வேண்டும். லந்தானா எனப்படும் உண்ணிச்செடி 1826 இல் பேராதனைத் தாவரவியல் பூங்கா வழியாக அழகுக்காக இந்நாட்டுக்கு வந்தது. இன்று அது உடவளவைப் புல்வெளிகளில் பரவி, யானைகளின் தீனிக்கு இடமில்லாமல் செய்கிறது. வேலி தாண்டிப் பரவும் செடியை நடக்கூடாது.

சிறு பிள்ளைகள் உள்ள வீட்டில் அரளி வேண்டாம். மஞ்சள் அரளியின் விதை இதயத்தைத் தாக்கும் நஞ்சு. டெங்கு தலைகாட்டும் எமது மாவட்டத்தில், பூச்சாடியின் அடித்தட்டில் தண்ணீர் தேங்க விடுவதும் ஆபத்து. தட்டை எடுத்துவிடுங்கள், அல்லது மணலால் நிரப்புங்கள்.

நான் சிபாரிசு செய்பவை

பூக்களில்: செவ்வரத்தை, நந்தியாவட்டை, எக்சோரா. மூன்றும் தடி வெட்டி நட்டாலே வேர் பிடிக்கும். எக்சோரா அமில மண்ணை விரும்பும். நிழலான இடத்துக்கு அந்தூரியம் நல்லது. பழைய தும்பும் ஓட்டுத்துண்டும் கலந்த சாடி அதற்குப் போதும்.

பழங்களில்: பப்பாசி, வாழை, கொய்யா, கொடித்தோடை. பப்பாசி அடியில் தண்ணீர் தேங்கினால் அழுகிவிடும். எனவே மேட்டில் நடுங்கள். 2008 இல் வெண்மூட்டுப்பூச்சி எமது நாட்டின் பப்பாசியைத் தாக்கியபோது, மருந்து அடித்தும் அடங்கவில்லை. வெளிநாட்டிலிருந்து கொண்டுவந்து விடப்பட்ட ஒரு சிறு குளவியே அதை அடக்கியது. ஆகவே கண்ட பூச்சிக்கெல்லாம் மருந்து அடிப்பது நன்மை செய்யும் பூச்சியையும் கொன்றுவிடும். கொய்யாவுக்குப் பழ ஈ தொல்லை தரும். காய் சிறிதாக இருக்கும்போதே கடதாசிப் பையால் மூடினால் போதும்.

மழை தொடங்கும்போது நடுங்கள். இரண்டடிக் குழியில் மேல்மண்ணையும் கூட்டெருவையும் கலந்து நிரப்புங்கள். ஒட்டுக்கன்றின் ஒட்டிய இடம் மண்ணுக்கு மேலே இருக்க வேண்டும். ஒட்டுக்குக் கீழே வரும் தளிரை உடனே கிள்ளிவிடுங்கள். அதை விட்டால் ஒட்டு செத்து, அடிமரமே வளரும். காய்ந்த இலைகளை எரிக்காமல் மரத்தைச் சுற்றிப் பரப்பினால் ஓகஸ்ட் காற்றிலும் ஈரம் நிற்கும்.

எங்கள் மரம் என்ன ஆனது?

வாப்பா தறிக்கச் சொன்னார். நான் எங்கள் பகுதி விவசாயப் போதனாசிரியரிடம் கேட்டேன். மரத்தை இடுப்பளவில் வெட்டி, அதில் வரும் புதுத் தளிர்களில் காய்க்கும் மரத்தின் மொட்டுகளை ஒட்டலாம் என்றார். கடந்த வருடம் நான்கு மொட்டுகள் ஒட்டினோம். இரண்டு காய்ந்தன. இரண்டு பிடித்தன. இப்போது அவை என் தோளளவு வளர்ந்திருக்கின்றன.

"இன்னும் எத்தனை வருசம் மகள்?" என்று உம்மும்மா கேட்டார். "இரண்டு, மூன்று வருசம் ஆகும்" என்றேன். அவருக்கு 74 வயது. சற்று நேரம் பேசாமல் இருந்தார். பிறகு வாளியை எடுத்துக்கொண்டு தண்ணீர் ஊற்றப் போனார்.

ஒரு முஸ்லிம் நட்ட மரத்திலிருந்து மனிதரோ பறவையோ விலங்கோ உண்டால் அது அவருக்குத் தர்மமாக எழுதப்படும் என்று நபி (ஸல்) அவர்கள் கற்றுத் தந்திருக்கிறார்கள். உம்மும்மா பதினொரு வருடங்களாக ஊற்றிய தண்ணீர் வீண்போகாது என்றே நான் நம்புகிறேன். ஆனால் அன்று கன்றை நடுமுன் யாராவது ஒருவர் இந்த இரண்டாவது கேள்வியைக் கேட்டிருந்தால், அவர் பல வருடங்களுக்கு முன்பே அந்தப் பழத்தைச் சாப்பிட்டிருப்பார்.

தோழிகளே, உங்கள் வீட்டில் உம்மா கன்று வாங்கப் போகும்போது நீங்களும் கூடப் போங்கள். நான்கு கேள்விகளையும் கேளுங்கள். நாம் படிப்பது பரீட்சைத் தாளுக்கு மட்டுமல்ல, வீட்டுக்கும் உதவட்டும்.