உப்புக்காற்றும் உதறும் இன்ஜினும்

பெட்ரோல் கார் நின்ற இடத்திலேயே உதறுவதையும், வேகம் ஏற்றும்போது இழுவை குறைந்து திணறுவதையும் சென்னைப் பட்டறைகள் 'மிஸ்ஸிங்' என்று சொல்கின்றன. சிலிண்டருக்குள் புகுந்த எரிபொருள் கலவை உரிய கணத்தில் எரியாமல் போவதே இதன் பொருள். நான்கு சிலிண்டர் இன்ஜின் நிமிடத்துக்கு 800 சுற்று என்ற மெதுவோட்டத்தில் இருக்கும்போதும் ஒவ்வொரு சிலிண்டரிலும் நிமிடத்துக்கு 400 முறை எரிதல் நிகழ வேண்டும். அதற்குப் பொறி, சரியான விகிதத்தில் காற்றும் பெட்ரோலும், கசிவில்லாத அழுத்தம் ஆகிய மூன்றும் தேவை. எது தவறியது, எந்தச் சிலிண்டரில் தவறியது என்று அறியும் முன்பே உதிரிபாகம் வாங்க ஜெனரல் பேட்டர்ஸ் சாலைக்குப் புறப்படுவது வீண்செலவு.

நொச்சிக்குப்பம், பட்டினப்பாக்கம், சாந்தோம் போன்ற சென்னைக் கடலோரப் பகுதிகளில் பரவலாக உள்ள நம்பிக்கை, கடல் காற்று இன்ஜினுக்குள் போய்ப் பொறி உண்டாக்கும் ஸ்பார்க் பிளக்கைக் கெடுக்கிறது என்பதாகும். காற்று வடிகட்டியைக் கடந்து உள்ளே சேரும் உப்பு மிகச் சொற்பம். உண்மையான சேதம் இன்ஜினுக்கு வெளியே நிகழ்கிறது. அலை நுரையிலிருந்து எழும் உப்புத்துகள் கரையோரத்தில்தான் அடர்த்தியாகப் படிகிறது என்பதால், லூப் சாலையை ஒட்டி இரவெல்லாம் நிற்கும் வண்டியின் பானெட்டுக்குள்ளும் அது படியும். காற்றின் ஈரப்பதம் ஏறத்தாழ 75 விழுக்காட்டைத் தாண்டும்போது உப்பு அந்த ஈரத்தை உறிஞ்சித் தானே கரைந்து, மின்சாரம் கடத்தும் மெல்லிய படலமாகிவிடும். சென்னையின் பின்னிரவுகளில் ஈரப்பதம் பெரும்பாலும் இந்த அளவுக்கு மேல்தான் நிற்கிறது. பொறிக்கான உயர் மின்னழுத்தத்தை உண்டாக்கும் காயிலிலிருந்து பிளக்கின் முனைக்குப் போக வேண்டிய மின்சாரம், அவ்விரண்டையும் இணைக்கும் ரப்பர் உறையில் விரிசல் இருந்தால், இந்த ஈரப்படலத்தின் வழியே இன்ஜின் உலோகத்துக்குத் தாவிவிடுகிறது. காலையில் உதறிய வண்டி, இன்ஜின் சூடேறிப் படலம் உலர்ந்த பின் சீராக ஓடுவதற்கு இது ஒரு முக்கியக் காரணம். அத்தகைய வண்டியில் பிளக்கை மட்டும் மாற்றினால் பழுது திரும்ப வரும்.

இங்கே முதலில் பார்க்க வேண்டியவை இணைப்புகள். இன்ஜின் விளக்கு எரிந்தால் பின்னர் சொல்லும் ஸ்கேனரால் பழுதுக் குறியீட்டைக் குறித்துக்கொண்டு, பேட்டரியின் நெகட்டிவ் முனையை முதலில் கழற்றி, இன்ஜினையும் பாடியையும் இணைக்கும் எர்த் வயரின் முனைகளை உலோகம் தெரியும்வரை உப்புத்தாளால் தேய்ப்பதும், காயில் இணைப்பான்களில் பச்சைக் களிம்பு பிடித்திருந்தால் அதற்கென விற்கும் தெளிப்பானால் துடைப்பதும், விரிசலற்ற ரப்பர் உறையின் உட்புறம் டைஎலக்ட்ரிக் கிரீஸ் எனப்படும் மின்கடத்தாப் பசையைச் சிறிதளவு பூசுவதும் வீட்டிலேயே செய்யக்கூடியவை. சென்சார்களின் நுண்ணிய முனைகளில் உப்புத்தாள் படவே கூடாது. உப்பைப் போக்கக் குழாய்த் தண்ணீரை இன்ஜின்மேல் பீய்ச்சுவது இன்னும் கேடானது. பல இன்ஜின்களில் பிளக் ஆழமான குழிக்குள் இருப்பதால், அங்கே தேங்கும் நீரே புதிதாக மிஸ்ஸிங்கை உண்டாக்கும்.

ஓடும் இன்ஜினில் பிளக் வயர்களை ஒவ்வொன்றாக உருவி, எதை உருவும்போது சத்தம் மாறவில்லையோ அதுவே பழுதான சிலிண்டர் என்று கண்டறியும் முறை, 1960களில் சென்னையிலேயே தயாரான ஸ்டாண்டர்டு ஹெரால்டு போன்ற கார்புரேட்டர் வண்டிகளின் காலத்துக்கு உரியது. பிளக்கின்மேலேயே காயில் அமர்ந்திருக்கும் இன்றைய கார்களில் அது கைக்கும் ஆபத்து, காயிலுக்கும் ஆபத்து. இன்றைய இன்ஜினின் கணினி, கிராங்க் தண்டின் சுழற்சி வேகத்தில் ஏற்படும் நுண்ணிய தளர்வைக் கொண்டு தவறிய சிலிண்டரைத் தானே குறித்துவைக்கிறது; ஸ்டியரிங்குக்குக் கீழே உள்ள 16 முனை இணைப்பில் பழுதுக் குறியீடுகளைப் படிக்கும் ஓபிடி ஸ்கேனரைச் செருகினால், பி0302 என்ற குறியீடு இரண்டாம் சிலிண்டரையும், பி0300 குறிப்பிட்ட ஒரு சிலிண்டரில் நிலைக்காத மிஸ்ஸிங்கையும் காட்டும். இதன்பின் வரும் சோதனைக்குச் செலவே இல்லை. குறியீடு பி0302 என்றால், இன்ஜின் ஆறிய பின் இரண்டாம் சிலிண்டரின் காயிலை நான்காம் சிலிண்டருக்கும், நான்காவதன் காயிலை இரண்டாவதற்கும் மாற்றிப் பொருத்தி, குறியீட்டை அழித்து, வண்டியை ஓட்டிப் பார்க்கும்போது குறியீடு பி0304 ஆக மாறினால் காயில்தான் குற்றவாளி. மாறாமல் நின்றால் பிளக்குகளையும் அவ்வாறே இடம் மாற்றிப் பார்க்கலாம். கழற்றும் முன் குழியில் உள்ள மணலை ஊதி அகற்றாவிட்டால் அது சிலிண்டருக்குள் விழுந்து சுவரைக் கீறும்.

பேட்டரி முனையைக் கழற்றி மாட்டினால் இன்ஜின் விளக்கு அணைந்து பழுது தீரும் என்பது மற்றொரு நம்பிக்கை. விளக்கு அணையலாம், பழுது அப்படியே இருக்கும், அதைக் கண்டறிய உதவும் பதிவுதான் அழியும். விளக்கு நிலையாக எரிந்தால் விரைவில் பரிசோதிக்க வேண்டும் என்றும், விட்டு விட்டு மின்னினால் அந்த நேரத்திலேயே சேதம் நடக்கிறது என்றும் பொருள். எரியாத பெட்ரோல் சைலன்ஸர் வழியில் உள்ள கேட்டலிட்டிக் கன்வெர்ட்டருக்குள் புகுந்து எரிவதால், பிளாட்டினம், பல்லேடியம், ரோடியம் பூசிய தேனடை போன்ற பீங்கான் உருகிவிடக்கூடும். 'மெதுவாக ஓட்டிப் பட்டறைக்குப் போய்விடலாம்' என்ற எண்ணம், சில நூறு ரூபாயில் முடியும் பிளக் பழுதைப் பல ஆயிரங்களுக்கு இழுத்துவிடும்.

மிஸ்ஸிங் என்றாலே பெட்ரோல் பங்கின்மீது பழி போடுவதும் வழக்கம். எரிபொருள் கெட்டிருந்தால் பாதிப்பு பொதுவாக எல்லாச் சிலிண்டர்களிலும் தெரியும். ஒன்றில் மட்டும் நிலைக்காது. ஆனால் மழைக்காலத்தில் பெட்ரோல் நிரப்பிய உடனே தொடங்கிய உதறலைச் சந்தேகிப்பதில் நியாயம் உண்டு. இப்போது விற்கப்படும் பெட்ரோலில் 20 விழுக்காடு வரை உள்ள எத்தனால், அளவுக்கு மீறி நீர் சேர்ந்தால் அந்த நீருடன் சேர்ந்து பிரிந்து தொட்டியின் அடியில் தங்கும். பம்பு உறிஞ்சுவதும் அடியிலிருந்துதான்.

சென்னையின் 2015, 2023 டிசம்பர் வெள்ளங்களில் நடந்ததைப் போல நீர் வண்டிக்குள் ஏறினால், வடிந்தவுடன் சாவியைத் திருகிப் பார்ப்பதே பேரிழப்பை வரவழைக்கும். சிலிண்டருக்குள் புகுந்த நீரை அழுத்திச் சுருக்க முடியாததால் பிஸ்டனைத் தாங்கும் கனெக்டிங் ராடு வளையக்கூடும். அதன்பின் அந்தச் சிலிண்டரின் மிஸ்ஸிங் எந்தப் பிளக்காலும் காயிலாலும் தீராது. பொறியும் பெட்ரோலும் சரியாக இருந்தும் உதறல் நிற்காத எந்த வண்டிக்கும் அழுத்த அளவியை வைத்துப் பார்ப்பது அடுத்த படி. பிளக் துளையில் ஒரு தேக்கரண்டி இன்ஜின் ஆயிலை ஊற்றியதும் அளவு உயர்ந்தால் பிஸ்டன் வளையங்கள் தேய்ந்திருக்கலாம், உயராவிட்டால் வால்வோ கேஸ்கெட்டோ கசியலாம். இவற்றில் எதைச் சரிசெய்யவும் இன்ஜினைத் திறந்தாக வேண்டும் என்பதால், அது வீட்டு வாசலில் வைத்துச் செய்யும் வேலை அன்று.