வளைந்த சுவரும் வளையாத கார்ப்பெட்டும்

கேள்வி: மாங்காட்டில் நாங்கள் கட்டிய வீட்டின் முன்ஹால் 10 அடி அகலம். 14 அடி நேராகப் போய், தெருப்பக்கம் சுவர் வில் மாதிரி 2 அடி வெளியே வளைகிறது. தரை விட்ரிஃபைட் டைல்ஸ். சுவருக்குச் சுவர் கார்ப்பெட் போடக் கூப்பிட்ட ஆள் 198 சதுர அடிக்குக் காசு கேட்கிறார். ஹால் மொத்தமே 155-ஐத் தாண்டாது என்கிறார் என் வீட்டுக்காரர். ஏமாற்றுகிறார்களா? வளைவில் சுருக்கமில்லாமல் ஒட்டுமா?
— வாசகி, மாங்காடு

பதில்: உங்கள் வீட்டுக்காரர் கணக்கும் சரி, அந்த ஆள் கணக்கும் சரிதான் அம்மா. நேர்ப்பகுதி 140, வளைவு ஏறக்குறைய 14, ஆக 154 சதுர அடி. ஆனால் கார்ப்பெட் ரோல் பெரும்பாலும் 12 அடி அகலத்தில் வருகிறது. 16 அடி நீளத்தோடு சேதாரத்துக்கு அரை அடி சேர்த்தால் பன்னிரண்டு பதினாறரை, 198. பொருளுக்கு அந்தக் காசைக் கொடுத்துத்தான் ஆக வேண்டும். ஒட்டும் கூலியை மட்டும் 154-க்குப் பேசுங்கள். பக்கவாட்டில் மிஞ்சும் நீளத் துண்டையும் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள். மாடிப்படிக்கு ஆகும். 2 மீட்டர் அகல ரோல் மலிவு என்று யாராவது சொன்னால் வேண்டாம். நடுவில் ஒட்டு விழும், அந்த ஒட்டு நேராகப் போய் வளைவில் முட்டும். முதலில் பிரிவது அந்த இடம்தான்.

இனி வளைவு. உங்கள் அளவுக்கு வட்டத்தின் ஆரம் 7¼ அடி. (அகலத்தின் வர்க்கத்தை வளைவு ஆழத்தின் எட்டு மடங்கால் வகுத்து, ஆழத்தில் பாதியைக் கூட்டினால் வரும்.) வளைவு தொடங்கும் இரண்டு மூலைக்கும் குறுக்கே ஒரு கோடு போடுங்கள். அதன் நடுவிலிருந்து 5¼ அடி ஹாலுக்குள் வந்து, 7¼ அடி நூலை அங்கே பிடித்துச் சுழற்றிப் பாருங்கள். மேஸ்திரியும் இப்படித்தான் ஆணி அடித்து நூல் சுற்றியிருப்பார். அப்படியும் நூல் ஒரு பக்கம் சுவரில் இடிக்கும், இன்னொரு பக்கம் எட்டாது. செங்கல் வட்டமாக இருந்தாலும் பூச்சு ஒரே கனத்தில் நிற்பதில்லை. ஸ்கர்ட்டிங் டைலை வளைக்க முடியாதென்று சிறு சிறு துண்டாக வெட்டி ஒட்டியிருப்பார்கள். ஆகவே தரையோரம் உங்களுக்கு இருப்பது வட்டமே இல்லை, குட்டிக் குட்டி நேர்கோடுகளின் வரிசை.

அதனால் நூலை நம்பி வெட்ட விடாதீர்கள். பழுப்புத் தாளைத் தரையில் விரித்து, டேப் ஒட்டி அசையாமல் நிறுத்தி, சுவரோரத்தை அப்படியே வரைந்தெடுக்கச் சொல்லுங்கள். தாளின் மேல்பக்கத்தில் ‘மேல்’ என்று பெரிதாக எழுதட்டும். கார்ப்பெட்டை முதுகுப்பக்கத்தில் வரைந்து வெட்டுவதென்றால் தாளைக் கவிழ்த்துப் போட வேண்டும். இதை மறந்தால் இடது வளைவு வலதுக்குப் போய்விடும். இரண்டு பக்கமும் ஒன்றுபோல இல்லாத சுவரில் அது திருத்த முடியாத பிழை. தாளில் உள்ள கோட்டுக்கு வெளியே 2 அங்குலம் விட்டே வெட்ட வேண்டும்.

முதல் நாளே கார்ப்பெட்டை ஹாலில் விரித்து வைத்தால் ரோலில் விழுந்த மடிப்பு தளரும். மறுநாள் நேர்ச்சுவர்களை முடித்துவிட்டு, வளைவைக் கடைசியில் தொட வேண்டும். விட்ட 2 அங்குலம் சுவரில் ஏறும்போது அலை அலையாக மடியும், ஏனென்றால் வெளிவட்டம் உள்வட்டத்தைவிட நீளம். நாலைந்து அங்குலத்துக்கு ஒன்றாகச் சிறு கீறல் போட்டால் துண்டுகள் ஒன்றன்மேல் ஒன்று ஏறி உட்காரும். கீறல் சுவர்க்கோட்டுக்கு அரை அங்குலம் முன்பே நிற்க வேண்டும். பிறகு அழுத்திப் பிடித்து, புது பிளேடால் இரண்டு மூன்று நூல் அளவுக்குமேல் ஒரே இழுப்பில் எடுக்காமல், கொஞ்சம் கொஞ்சமாகச் சீவ வேண்டும். சுருக்கம் வராதா என்றால், இப்படிச் செய்தால் வராது. அவசரக்காரரிடம் வரும்.

டைல்ஸில் ஆணிப்பட்டை அடிக்க விடாதீர்கள், விரிசல் விடும். ஓரத்தில் அரை அடிக்கு ரப்பர் பசை போதும். மேலே பீடிங் ஒட்டுவதானால் வளைவுக்கு 10 அடி போதாது, 11 அடி வேண்டும். வளையும் பி.வி.சி. வாங்குங்கள்.

ஆனால் எனக்கு வளைவைவிடத் தரையில்தான் பயம். செம்பரம்பாக்கம் ஏரி பக்கத்திலேயே இருக்கிறது. ஐப்பசி, கார்த்திகை மழையில் தரைத்தளத்து டைல்ஸ் இடுக்கில் ஈரம் கசியும் வீடுகள் உங்கள் பக்கம் உண்டு. சுவருக்குச் சுவர் ஒட்டிய கார்ப்பெட்டைத் தூக்கி வெயிலில் போட முடியாது. சணல் முதுகு உள்ளதானால் மக்கும். பிளாஸ்டிக் தாள் ஒன்றை, இரண்டடிக்கு இரண்டடி, டைல்ஸ் இடுக்குகள் மேல் விழும்படி நாலு ஓரமும் டேப் போட்டு ஒட்டி ஒரு நாள் விட்டுப் பாருங்கள். வளைவோரம் ஒன்று, நடுவில் ஒன்று. அடியில் வியர்த்தால் கார்ப்பெட் ஆளைத் திருப்பி அனுப்பிவிட்டு, பவானி ஜமக்காளம் ஒன்று வாங்கி நேர்ப்பகுதியில் விரித்துக்கொள்ளுங்கள். வளைவு வெறும் டைல்ஸாகவே இருக்கட்டும், பூந்தொட்டி வைக்க இடமாகும். காய்ந்திருந்தாலும் கோடையில் பார்த்த சோதனை கணக்கில் சேராது. மழைக்காலத்தில் ஒருமுறை பார்த்துவிட்டு, தை பிறந்ததும் வேலையைத் தொடங்கச் சொல்லுங்கள்.