மழைக்காலமும் இறகு உதிர்க்கும் கோழியும்



ஐப்பசி பிறந்தால் எண்ணூர், திருவொற்றியூர், ராயபுரம் பக்கம் கோழி வளர்ப்பவர்கள் கேட்பது இதுதான்: "முட்டையும் இல்ல, இறகும் கொட்டுது. வித்துடலாமா?" குழுக் கடனில் வாங்கிய கோழியை அவசரப்பட்டு விற்காதீங்க.

பகல் பொழுது குறையும்போது வளர்ந்த கோழி பழைய இறகை உதிர்க்கும். புதிது முளைக்க 2, 3 மாதம் ஆகும். தின்ற புரதச்சத்து இறகுக்கே போவதால் முட்டை நிற்கிறது. இது நோய் இல்லை. பிறகு மறுபடியும் முட்டை வைக்கும்.

தீனி: காசிமேட்டு மீன் கழிவை வேகவைத்துத் தவிட்டில் பிசைந்து கொடுங்கள். உப்புக் கருவாடு வேண்டாம். அதிக உப்பு கோழிக்கு விஷம். பூஞ்சை பிடித்த தானியமும் ஆகாது.

கூண்டு: தரையிலிருந்து 2 அடி உயரத்தில், சாரல் படாமல் இருக்கட்டும். நனைந்த உமியை உடனே மாற்றுங்கள். ஈரத்தில்தான் ரத்தக்கழிச்சல் பரவும். 2023 டிசம்பர் மிக்ஜாம் புயலில் எண்ணூர்ப் பக்கம் வெள்ளத்தோடு எண்ணெயும் வீட்டுக்குள் வந்தது. அந்த மாதிரி சேற்றில் மேயவிடாதீங்க.

நோய்: இறகு உதிர்க்கும் கோழி தீனி எடுக்கும், நடமாடும். தீனி எடுக்காமல் ஒடுங்கி நின்று, பச்சையும் வெள்ளையுமாகக் கழிந்து, கழுத்து திருகினால் வெள்ளைக்கழிச்சலாக இருக்கலாம். வந்தபின் மருந்து இல்லை. 8 வாரக் கோழிக்கு மழைக்கு முன்பே கால்நடை மருந்தகத்தில் தடுப்பூசி போடுங்கள். செத்த கோழியைக் கால்வாயில் எறியாமல் சுண்ணாம்பு தூவி ஆழமாகப் புதையுங்கள்.

கூட்டத்தில் பேச: நம் குழுவில் எத்தனை கோழி? ஊசி போட்டது எத்தனை? கணக்கெடுத்து எல்லோரும் ஒரே நாளில் போடலாமே!