பாலர் வகுப்பில் நவராத்திரி

1902ஆம் ஆண்டு விவேகானந்த சபை தோன்றிய நாள் முதலாகக் கொழும்புச் சைவர் தம் பிள்ளைகளின் சமயக் கல்வியிற் கருத்தூன்றி வந்துள்ளனர். ஆயினும் நம் பாடசாலைகளில் வாணி விழா மேல்வகுப்பு மாணாக்கர்க்கே உரியதாய் அமைகின்றது. பேச்சும் பண்ணிசையும் நாடகமும் இரண்டு மணி நேரம் நிகழ, மூன்று நான்கு வயதுப் பாலர் முன்வரிசையிற் கைகட்டியிருந்து உறங்கி விழுகின்றனர்.

யாம் மிஷன் பாடசாலையிற் பயின்றோம். அங்கே நத்தார்க் காலத்தில் வைக்கோல் பரப்புதலும் தாளில் விண்மீன் வெட்டி ஒட்டுதலும் சிறுவரிடமே விடப்படும். கேட்ட பிரசங்கங்கள் மறந்தன; கையாற் செய்தவை மறக்கவில்லை. நாவலர் பெருமானும் மெதடிஸ்த மிஷன் பாடசாலையிற் கற்றுக் கற்பித்தவரே. 1848இல் வண்ணார்பண்ணையிற் சைவப்பிரகாச வித்தியாசாலையை நிறுவியபோது, ஆங்குக் கண்ட நன்முறைகளை அவர் விலக்கினாரல்லர்.

ஆதலின் ஆசிரியர்காள், முதனாளிலேயே பாலர்க்கு வேலை கொடுங்கள். கும்பத்தைச் சூழ நவதானியம் விதைத்தல் நம் வழக்கு. வெள்ளவத்தை அடுக்குமாடிகளில் வளரும் பிள்ளைகள் பலர் வித்து முளைத்தலைக் கண்டிலர். ஒவ்வொருவர்க்கும் மண்ணிட்ட சிரட்டையொன்றும், முதலிரவில் ஊறவைத்த பயறு சிலவும் போதும். எள் சிறுவிரலுக்கு அகப்படாது. கடலையை மூக்கினுள் இடும் பிள்ளை ஆண்டுக்கொன்றேனும் உண்டு. படையலிலும் இவ்வயதினர்க்குக் கடலை வேண்டா, விக்கும். தேங்காய்ப்பூவும் சர்க்கரையும் சேர்த்து நனைத்த அவல் நன்று. பயறு மூன்று நான்கு நாளில் தலைகாட்டும். நாடோறும் நீர் தெளித்து நோக்கும் பிள்ளை, விசயதசமிவரை நாளெண்ணவும் கற்கும்.

கொட்டாஞ்சேனை போன்ற இடங்களிற் பிறசமயப் பிள்ளைகளும் உடனிருப்பர். அவர்களும் விதைக்கட்டும், அவல் உண்ணட்டும். பெற்றோர் உடன்பாடின்றித் திருநீறிடுதலும் வணங்குவித்தலும் கூடா.

ஏடு தொடக்கலே யாம் பெரிதும் வற்புறுத்துவது. முப்பது பிள்ளைகளை வரிசையில் நிறுத்தி, ஒருவர் விரலை விடுமுன் மற்றவர் விரலைப் பற்றி அரிசியில் அகரம் இழுத்தல் இன்று பலவிடத்துங் காணப்படுகின்றது. தந்தையரோ கைத்தொலைபேசியிற் படம் பிடித்து நிற்கின்றனர். அதனைக் கீழே வைத்துப் பிள்ளையை மடியிலிருத்துமாறு அவர்களிடம் கூறுங்கள். ஐவர் ஐவராக அழையுங்கள். ஏனையோர் தத்தம் சிரட்டைகளுடன் இருக்கட்டும். அழும் பிள்ளையின் கையை வலிந்து பற்றாதீர்கள். முதலெழுத்தே அச்சத்தோடு வருமாயின், பின்னர் எழுத்தென்றாலே அப்பிள்ளை கையை மடக்கும். மற்றவர் எழுதுவதைச் சற்று நேரம் பார்த்திருக்க விடின், பெரும்பாலும் தானே விரல் நீட்டும், நீட்டாவிடினும் மறுநாளுண்டு.

பாலர் விரல் பட்ட அவ்வரிசியைச் சிந்தாது திரட்டி, அன்றே பொங்கி எல்லார்க்கும் பகிர்க.