தீப்பெட்டியும் பாட்டுப் புத்தகமும்

முன்னுரை

ஒரு பொருளை வேண்டும் என்று குரல் கொடுப்போர் பலராக இருக்கின்றனர். அதனை விலை கொடுத்து வாங்குவோர் சிலராகவே நின்றுவிடுகின்றனர். இவ்விரண்டிற்கும் இடைப்பட்ட தொலைவு வணிகவியல் மாணவர் மட்டும் ஆராய வேண்டிய ஒன்றன்று. தமிழ் நூல்களின் வரலாற்றைக் கற்கும் நமக்கும் அஃது உரிய பொருளே. புலவரைப் போற்றிய வாய்களின் எண்ணிக்கையும் புலவரின் நூலை வாங்கிய கைகளின் எண்ணிக்கையும் நம் மொழியில் எக்காலத்தும் ஒத்திருந்ததில்லை. அவ்வேறுபாட்டிற்கான காரணங்களை, நம் வட்டாரத்து வரலாற்றைக் கொண்டே ஆராய இக்கட்டுரை முற்படுகிறது.

சிவகாசி, சாத்தூர், கோவில்பட்டி ஆகிய ஊர்கள் தீப்பெட்டித் தொழிலால் பெயர் பெற்றவை. கோவில்பட்டிக்கு அண்மையில் அமைந்துள்ளது எட்டயபுரம். சீறாப்புராணம் பாடிய உமறுப்புலவர் அரசவைப் புலவராய் விளங்கி அடக்கமானதும், சுப்பிரமணிய பாரதியார் பிறந்ததும் அவ்வூரே. ஓர் ஊரைச் சார்ந்த இவ்விரு புலவர்தம் நூல்கள் மக்களைச் சென்றடைந்த வழிகளை ஒப்பிட்டு நோக்கினால், நாம் எடுத்துக்கொண்ட பொருள் தெளிவுறும்.

புரவலர் காலம்

புகழ்ச்சி பொருளாகாத நிலை புதியதன்று. புறநானூற்றுப் பாடல்களுக்குத் துறை வகுத்தோர் ‘பரிசில் கடாநிலை’ என்றொரு துறையைக் குறித்துள்ளனர். பரிசில் தரக் காலம் நீட்டிக்கும் தலைவனிடம் அதனை வற்புறுத்திக் கேட்கும் நிலை அது. பாடலைக் கேட்டு மகிழ்ந்த மன்னன் பரிசிலை மறந்திருத்தல் அடிக்கடி நிகழ்ந்தமையால்தான் அதற்கெனத் தனித்துறையே தேவைப்பட்டது எனலாம்.

ஆயினும், புரவலர் காலத்தில் புலவர் ஒருவரது உள்ளத்தை வென்றால் போதும். உமறுப்புலவருக்குக் கீழக்கரை வள்ளல் சீதக்காதி ஆதரவளித்தார். அவருக்குப் பின்னர்ப் பரங்கிப்பேட்டை அபுல் காசிம் மரைக்காயர் துணை நின்றார். ஐயாயிரத்திற்கும் மேற்பட்ட விருத்தங்களைக் கொண்ட காப்பியம் உருவாக அவ்வாதரவு போதுமானதாயிருந்தது. நூல் ஒரு நூற்றாண்டிற்கு மேல் ஓலைச்சுவடியாகவே வாழ்ந்து, 1842ஆம் ஆண்டு செய்கு அப்துல் காதிறு நயினார் லெப்பை ஆலிம் புலவரின் முயற்சியால் அச்சேறியது. இங்கே போற்றியவரும் பொருள் தந்தவரும் ஒருவரே. எனவே பாராட்டிற்கும் கொடைக்கும் இடையே தொலைவு குறைவு.

அச்சு வந்த பின்னர் இந்நிலை மாறிற்று. ஒருவர் தந்த ஆயிரம் பொன்னுக்குப் பதில், ஆயிரம் பேர் ஆளுக்கொரு சிறு தொகை தர வேண்டியதாயிற்று. ஒரு வள்ளலை அடையாளங் காண்பது எளிது. ஆயிரம் வாசகர் எங்குள்ளனர், அவருள் எத்தனை பேர் உண்மையில் வாங்குவர் என்று கணிப்பது அரிது. இவ்விடத்தில்தான் பாரதியாரின் பட்டறிவு நமக்குப் பாடமாகிறது.

கடையத்துத் திட்டம்

1918ஆம் ஆண்டின் இறுதியில் கடலூர்ச் சிறையினின்று விடுதலையான பாரதியார், தம் துணைவியார் செல்லம்மாளின் ஊராகிய கடையத்தில் தங்கினார். அங்கிருந்து 1920இல் தம் நூல்கள் அனைத்தையும் வெளியிடுவதற்கொரு பெருந்திட்டம் வகுத்து நண்பர்களுக்கு எழுதினார். கையெழுத்துப் படிகள் 40 தனி நூல்களாக அச்சாகும்; ஒவ்வொன்றும் 10,000 படிகள் அச்சிடப்படும்; அதாவது மொத்தம் நான்கு இலட்சம் படிகள். இதற்காக நண்பர்கள் ஆளுக்கு நூறு ரூபாய் கடனாக அனுப்ப வேண்டும். அது வட்டியுடன் திருப்பித் தரப்படும். மண்ணெண்ணெயையும் தீப்பெட்டியையும் விடத் தம் நூல்கள் விரைவாகவும் சாதாரணமாகவும் விற்பனையாகும் என்பது அவர்தம் உறுதியான எதிர்பார்ப்பு.

இவ்வெதிர்பார்ப்பை வெறுங்கனவென்று ஒதுக்குதல் தகாது. 1907இல் வி. கிருஷ்ணசாமி ஐயர் பாரதியாரின் பாடல்கள் சிலவற்றை 15,000 படிகள் அச்சிட்டு இலவசமாக வழங்கினார். 1908இல் ‘சுதேச கீதங்கள்’ நூலாக வெளிவந்தது. சுதேசிக் கூட்டங்களில் அப்பாடல்கள் முழங்கின. தம் பாட்டு எத்தனை வாய்களில் ஒலிக்கிறது என்பதைக் கவிஞர் காதாரக் கேட்டிருந்தார். பாடுவோர் அனைவரும் வாங்குவோர் ஆவர் என்று அவர் கணக்கிட்டதில் வியப்பில்லை.

ஆனால் கேட்ட பொருள் வந்து சேரவில்லை. திட்டம் தாளளவில் நின்றது. அவ்வாண்டின் இறுதியில் அவர் சென்னைக்குத் திரும்பிச் ‘சுதேசமித்திரன்’ பணியை ஏற்றார். 1921 செப்டம்பரில், நாற்பது வயதை எட்டுமுன்னரே மறைந்தார். நான்கு இலட்சம் படிகளுள் ஒன்றும் அத்திட்டப்படி வெளிவரவில்லை.

15,000 என்னும் எண்ணும் 10,000 என்னும் எண்ணும் ஈண்டு ஒருங்கு வைத்து நோக்கத்தக்கவை. விலையில்லாமல் பதினைந்தாயிரம் படிகள் மக்களிடம் சென்றன. விலைக்கு விற்கப் பத்தாயிரம் படிகள் அச்சிட முதல் கிடைக்கவில்லை. பாடல்மீதிருந்த அன்பு பொய்யன்று. எனினும், இலவசமாகப் பெறும்போது வெளிப்படும் விருப்பத்தைக் கொண்டு விலை கொடுக்கும் விருப்பத்தை அளக்க இயலாது என்பதே இதனால் பெறப்படும் முதற்பாடம்.

தீப்பெட்டி விற்பனையாவது எங்ஙனம்?

பாரதியார் எடுத்துக்காட்டாகக் கொண்ட தீப்பெட்டியையே இனி நோக்குவோம். அவர் அதனை எழுதியபோது சிவகாசியில் அத்தொழில் தோன்றியிருக்கவில்லை. பி. அய்ய நாடாரும் ஏ. சண்முக நாடாரும் கல்கத்தா சென்று தொழில் கற்றுத் திரும்பி, 1923இல் அதனைத் தொடங்கினர். கவிஞர் மறைந்து ஈராண்டிற்குள், அவர் உவமையாக்கிய பொருள் அவர் பிறந்த மண்ணுக்கு அருகிலேயே உருவாகத் தொடங்கிற்று.

தீப்பெட்டிக்கு வாழ்த்துக்கூட்டம் நடத்துவார் இல்லை. அதன் பெருமையைப் பேச மேடையும் இல்லை. ஆயினும் அது விற்பனையாகிறது. காரணங்கள் நான்கு. முதலாவது, விலை. 2007 முதல் ஒரு ரூபாயாக இருந்த ஒரு பெட்டியின் விலை, 2021 டிசம்பரில்தான் இரண்டு ரூபாயாயிற்று. அதனை வாங்க எவரும் இருமுறை எண்ணுவதில்லை. இரண்டாவது, இடம். தெருமுனைப் பெட்டிக்கடை வரை அது கிடைக்கும். மூன்றாவது, தேவை. அடுப்பு எரிய வேண்டும், விளக்கு ஏற்ற வேண்டும் என்னும் நாள்தோறும் எழும் தேவை அதனை நினைவூட்டும். நான்காவது, தீர்வு. ஒரு பெட்டி தீர்ந்ததும் மற்றொன்று வேண்டும்.

நூலுக்கு இந்நான்கும் எளிதில் வாய்ப்பதில்லை. விலை கூடுதல், கடை தொலைவில், இன்றே வாங்க வேண்டும் என்னும் நெருக்கடி இல்லை, ஒரு படியை ஒரு தெருவே இரவல் பெற்றுப் படிக்கலாம். ஆகவே நூலை விரும்புவோர் அனைவரும் நாளை வாங்கலாம் என்று ஒத்திவைக்கின்றனர்.

நூல்களே தீப்பெட்டி போல் விற்பனையானதும் உண்டு. சென்னைக் குஜிலிக் கடைத்தெருவில் அச்சான பெரிய எழுத்துக் கதைகளும், கும்மி, சிந்து, கொலைச் செய்திப் பாட்டு முதலியனவும் சில காசுகளுக்குச் சந்தைகளிலும் முச்சந்திகளிலும் விற்கப்பட்டன. கற்றோர் அவற்றை ஏளனம் செய்தனர், மக்களோ வாங்கினர். சான்றோர் போற்றிய நூல் தேங்கியதும், அவர் தூற்றிய நூல் விற்றதும் ஒரே காலத்து நிகழ்வுகள். மக்கள் காசு கொடுக்க மாட்டார் என்பது பொதுவிதியன்று என்பதற்கு இதுவே சான்று.

மாறியது எது?

பாரதியார் மறைவிற்குப் பின் செல்லம்மாளும், பிறகு பாரதி பிரசுராலயத்தாரும் நூல்களை வெளியிட்டு வந்தனர். 1949இல் சென்னை அரசு படைப்புகளின் உரிமையைப் பெற்றது. பின்னர் அவை பொதுவுடைமையாயின. எவரும் அச்சிடலாம் என்றானபின் பதிப்பகங்கள் போட்டியிட்டு மலிவுப் பதிப்புகளை வெளியிட்டன. பாடநூலில் பாடல்கள் இடம்பெற்றன. பள்ளிப் பரிசாகப் பாரதியார் கவிதைத் தொகுப்பை வழங்கும் வழக்கமும் பரவியது. இன்று பேருந்து நிலையப் புத்தகக் கடையிலும் அத்தொகுப்பைக் காணலாம்.

பாடல்கள் மாறவில்லை. அவற்றின்மீதிருந்த அன்பும் 1920இல் குறைவாயிருந்தது என்று கூற இயலாது. மாறியவை விலையும், இடமும், வாங்குதற்கேற்ற வேளையுமே. தீப்பெட்டிக்கு அமைந்த வசதிகள் பாட்டுப் புத்தகத்திற்கும் அமைந்தபோது கவிஞரின் கணிப்பு மெய்யாயிற்று. அவர் கண்டு மகிழத்தான் இல்லை.

ஆகவே 1920இல் பொருள் அனுப்பாதோரை நாம் பழித்தல் முறையன்று. அன்று நூறு ரூபாய் என்பது நடுத்தரக் குடும்பத்தார்க்கும் பெருந்தொகை. கூட்டத்தில் பாடிய உழவனும் தொழிலாளியும் அத்தொகையை நினைத்தும் பார்க்க இயலாது. ஆர்வம், இயலுமை, வாய்ப்பு ஆகிய மூன்றும் கூடும்போதே விற்பனை நிகழ்கிறது. குரல் நமக்குக் காட்டுவது ஆர்வம் ஒன்றை மட்டுமே.

குறைந்த எண்ணிக்கையை அறிந்து தொடங்கியவர்

இவ்வுண்மையை நன்குணர்ந்து செயற்பட்டவர் சி. சு. செல்லப்பா. 1959இல் ‘எழுத்து’ என்னும் இதழைத் தொடங்கியபோதே, அதனை 2,000 படிகளுக்கு மேல் அச்சிடுவதில்லை என்று அறிவித்தார். அவ்வெல்லையையும் இதழ் எட்டவில்லை. எனினும் 1970 வரை அது வெளிவந்தது. புதுக்கவிதைக்கும் திறனாய்வுக்கும் களமாயிற்று. நூல்களைப் பையில் சுமந்து கல்லூரி கல்லூரியாகச் சென்று விற்றவர் அவர். தம்மைப் பாராட்டுவோர் தேடி வந்து வாங்குவர் என்று காத்திராமல், வாங்கக்கூடியவர் இருக்குமிடத்திற்கு நூலையே கொண்டு சென்றார். அதற்காக அவர் குடும்பம் ஏற்ற இழப்பு சிறிதன்று. அத்தகைய சுமையை ஒரு தனிமனிதர் தோளில் ஏற்றிவிட்டுப் பின்னர் விழா எடுத்துப் புகழ்வது ஒரு சமுதாயத்திற்குப் பெருமை தருவதாகாது.

2011ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பின்படி தமிழ்நாட்டின் மக்கள்தொகை 7.21 கோடி; எழுத்தறிவு 80 விழுக்காடு. ஆனால் ஒரு கவிதை நூல் ஆயிரம் படிகள் அச்சாவதே நெடுங்காலம் வழக்கமாக இருந்து வந்தது. அவற்றுள்ளும் நூலகங்கள் வாங்குவதையே பதிப்பாளர் பெரிதும் நம்பினர். தமிழ் வாழ்க என்னும் முழக்கத்தையும் இவ்வாயிரத்தையும் அருகருகே வைத்துப் பார்த்தல் தமிழ் பயிலும் நம் அனைவரின் கடமை.

சிவகாசி கற்பிக்கும் முறை

இக்குறைக்கு மருந்தும் நம் வட்டாரத்திலேயே உள்ளது. சிவகாசியில் நாட்காட்டித் தொழில் செய்வோர் ஆண்டுதோறும் ஆடிப்பெருக்கு நாளில் அடுத்த ஆண்டிற்குரிய மாதிரி ஆல்பங்களை வெளியிடுகின்றனர். வணிகர்கள் அவற்றைப் பார்வையிட்டு, இன்ன படம், இத்தனை எண்ணிக்கை என்று ஆர்டர் தருகின்றனர். வாங்குவோரின் நிறுவனப் பெயர் அந்த ஆர்டர் வந்த பின்னரே அச்சாகிறது. ‘படம் அழகாயிருக்கிறது’ என்னும் சொல் அங்கே கணக்கில் சேராது. ஆர்டர் புத்தகத்தில் எழுதப்பட்ட எண்ணே சேரும்.

தமிழ்ப் பதிப்பிலும் இம்முறை இருந்ததுண்டு. உ. வே. சாமிநாதையர் 1887இல் சீவக சிந்தாமணியைப் பதிப்பித்தபோது, முன்கூட்டியே கையொப்பம் பெற்றுப் பொருள் திரட்டினார். பின்னாளில் பதிப்பகங்கள் முன்வெளியீட்டுத் திட்டம் என்னும் பெயரால் இதனையே மேற்கொண்டன. புகழுரை கூறுவோரிடம் ‘தங்கள் பெயரை எழுதிக்கொள்ளலாமா?’ என்று பணிவுடன் வினவுவதே இதன் சாரம். அவ்வினாவிற்குப் பின் எஞ்சும் எண்ணே உண்மையான எண்.

முடிவுரை

மேற்கூறியவற்றால் சில செய்திகள் பெறப்படுகின்றன. குரல் பொய்யன்று, அது விதை. பாடியவர் இல்லையேல் பாரதியார் பாடல்கள் பொதுவுடைமையாகும் நாள் வரை உயிர்த்திருக்கமாட்டா. ஆனால் விதையை விளைச்சலாகக் கணக்கெழுதுதல் கூடாது. படைப்போர், அச்சிடுமுன் வாங்குவோரை எண்ணுதல் வேண்டும். விற்போர், விலையையும் இடத்தையும் எளிதாக்குதல் வேண்டும். வாழ்த்துவோர், தம் வாழ்த்திற்கு ஒரு விலையுண்டு என்பதை உணர்தல் வேண்டும்.

இம்மலரை விளம்பரம் தந்த பெருமக்களின் பொருளுதவியாலேயே நாம் இலவசமாகப் பெறுகிறோம். விலை குறித்து விற்றால் நம்முள் எத்தனை பேர் வாங்குவோம் என்பதை ஒவ்வொருவரும் தமக்குள் வினவிக்கொள்ளலாம். சமுதாயப் பெரியோர், விழாக்களில் போர்த்தும் பொன்னாடைக்கு ஆகும் தொகைக்கு விருந்தினரின் நூல்களை வாங்கி மாணவர்க்கு வழங்கலாம். ஆசிரியர், துறைதோறும் முன்பதிவுப் பட்டியல் ஒன்று வைக்கலாம். மாணவச் செல்வங்கள் ஆண்டிற்கு ஒரு நூலேனும் தம் பொருளால் வாங்கலாம். பொருள் இல்லாத மாணவர் நூலகத்தில் அந்நூலைக் கேட்டுப் பதிவு செய்தாலும் அதுவும் ஒரு கணக்கே.

விருதுநகரில் 2022இல் மாவட்டப் புத்தகத் திருவிழா முதன்முறையாக நடைபெற்றது. அத்தகைய விழாக்களில் மாலைநேரச் சொற்பொழிவுக்குக் கூடும் கூட்டம் மகிழ்ச்சி தருவதே. கைதட்டிய கையில் வீடு திரும்பும்போது ஒரு நூலும் இருக்குமாயின், அடுத்த நூலை எழுதுவோர்க்கும் அச்சிடுவோர்க்கும் அதுவே பொருள் பொதிந்த மறுமொழியாகும்.