முகாமில் ஓர் இரவு

உங்களில் சிலர் சாரணர் இயக்கத்திலோ தேசிய மாணவர் படையிலோ சேர்ந்திருப்பீர்கள். சனி, ஞாயிறு விடுமுறையில் மலைப்பக்கம் சென்று, கூடாரமடித்துத் தங்கும் வாய்ப்பு என்றாவது ஒரு நாள் உங்களுக்குக் கிடைக்கும். புறப்படும்போது உடுப்பு, உணவு, கைவிளக்கு, கயிறு எல்லாம் எடுத்து வைப்பீர்கள். அவற்றுடன் எடையே இல்லாத ஒன்றையும் எடுத்துச் செல்ல வேண்டும். வெப்பம் கடத்தல், சலனம், கதிர்வீச்சு என்னும் மூன்று வழிகளில் பரவுகிறது என்று கீழ்வகுப்பில் படித்தீர்கள் அல்லவா? அந்தப் பாடந்தான் அது. தேர்வில் அதை மறந்தால் ஐந்து மதிப்பெண் போகும். முகாமில் மறந்தால் உயிரே போகக்கூடும். எப்படி என்று பார்ப்போம்.

தரை திருடும் வெப்பம்

சேலம் கடல் மட்டத்திலிருந்து ஏறத்தாழ 280 மீட்டர் உயரத்தில் உள்ளது. ஏற்காடு ஏறத்தாழ 1,500 மீட்டர். ஒவ்வொரு 1,000 மீட்டர் உயரத்துக்கும் காற்றின் வெப்பநிலை சராசரியாக 6.5° செ. குறைகிறது. ஆகவே சேலத்தைவிட ஏற்காடு சுமார் 8° செ. குளிர்ந்திருக்கும். இரவில் இன்னும் குளிரும்.

உறங்கும் மனிதனின் உடல் ஏறத்தாழ 75 வாட் வெப்பத்தை வெளியிடுகிறது. ஒரு சாதாரண மின்விசிறி எடுத்துக்கொள்ளும் திறன் அவ்வளவுதான். இதில் எவ்வளவு தரைக்குப் போகிறது? ஒரு கணக்குப் போடுவோம். உடல் தரையில் படும் பரப்பு 0.5 சதுர மீட்டர். உடலுக்கும் தரைக்கும் உள்ள வெப்பநிலை வேறுபாடு 15° செ.; அடியில் 1 செ.மீ. கனத்துக்கு வைக்கோல்; அதன் வெப்பங்கடத்து திறன் 0.05 என்று கொள்வோம். கடத்தப்படும் வெப்பம் = 0.05 × 0.5 × 15 ÷ 0.01 = 37.5 வாட். உடல் உண்டாக்கும் வெப்பத்தில் பாதி தரைக்கே போய்விடுகிறது! வைக்கோலை 2 செ.மீ. கனத்துக்குப் பரப்பினால் இந்த இழப்பு பாதியாகும்.

"கம்பளியைப் போர்த்திக்கொண்டேனே, பிறகு ஏன் முதுகு சில்லிடுகிறது?" என்று கேட்பவர்களுக்கு விடை இதில் இருக்கிறது. கம்பளி தானாக வெப்பத்தைத் தருவதில்லை. அதன் இழைகளுக்கிடையே அடைபட்ட காற்று ஓர் அரிதிற் கடத்தி. அதுவே நம்மைக் காக்கிறது. முதுகின் அடியில் கம்பளி நசுங்கிக் காற்று வெளியேறிவிடும். வைக்கோலும் சருகும் அவ்வளவாக நசுங்குவதில்லை. ஆகையால் முதலில் கீழே பரப்புங்கள். பிறகு மேலே போர்த்துங்கள். நனைந்த உடையோடு உறங்கவே கூடாது. நீர் காற்றைவிட இருபது மடங்குக்கும் மேலாக வெப்பத்தைக் கடத்தும்.

வானம் திருடும் வெப்பம்

மேகமில்லாத இரவில் தரையும் புல்லும் வெப்பத்தைக் கதிர்களாக வானை நோக்கி அனுப்பிக்கொண்டே இருக்கின்றன. மேகம் இருந்தால் அதில் ஒரு பகுதி திரும்பி வரும். தெளிந்த வானம் திருப்பித் தருவது மிகக் குறைவு. அதனால் புல்லின் நுனி சுற்றியுள்ள காற்றைவிடவும் குளிர்ந்து, அதன்மீது பனித்துளி படிகிறது. லண்டன் மருத்துவர் வில்லியம் சார்லஸ் வெல்ஸ், திறந்த வெளியிலும் மறைவிலும் கம்பளி மயிரை இரவில் வைத்து, எது அதிகம் நனைகிறது என்று நிறுத்துப் பார்த்து ஆராய்ந்தார். பனித்துளி பற்றிய தம் முடிவுகளை 1814-இல் நூலாக வெளியிட்டார். கூடாரத்தின் துணி வானத்துக்கும் நமக்கும் நடுவே ஒரு மேகமாக நிற்கிறது என்று சொல்லலாம்.

புகையாத நஞ்சு

குளிர் தாங்காமல் சிலர் கனன்று எரியும் கரியைச் சட்டியில் அள்ளிக் கூடாரத்துக்குள் வைத்து, வாயிலையும் இறுக மூடிவிடுகிறார்கள். புகை வரவில்லையே, பயமில்லை என்பது அவர்கள் எண்ணம். உண்மை நேர் எதிரானது. போதிய ஆக்சிஜன் இல்லாமல் கரி எரிந்தால் கார்பன் மோனாக்சைடு உண்டாகும். இதற்கு நிறமில்லை, மணமில்லை. நம் இரத்தத்திலுள்ள ஹீமோகுளோபின், ஆக்சிஜனைவிட இருநூறு மடங்குக்கும் மேலான பற்றுடன் இந்த வாயுவைப் பிடித்துக்கொள்கிறது. முதலில் தலைவலி, பிறகு குமட்டல், மயக்கம். உறங்குபவனுக்கு இந்த எச்சரிக்கைகள்கூடத் தெரியாது. எனவே கரிச்சட்டி, அடுப்பு எதுவானாலும் கூடாரத்துக்கு வெளியேதான் இருக்க வேண்டும். அணைந்தது போலத் தோன்றும் கரிக்கும் இதே விதிதான்.

சரிவில் ஏறும் தீ

2018 மார்ச் 11, ஞாயிற்றுக்கிழமை. தேனி மாவட்டம் போடிநாயக்கனூருக்கு அருகே குரங்கணி மலையில், வார இறுதியில் மலையேறச் சென்றவர்கள் காட்டுத்தீயில் சிக்கினார்கள். 20-க்கும் மேற்பட்டோர் உயிரிழந்தனர். மலைச்சரிவில் தீ எவ்வளவு கொடியது என்பதை நமக்கு உணர்த்திய நிகழ்ச்சி அது.

சமதரையில் தீச்சுடர் நேராக மேலே எழும். முன்னால் உள்ள புல் சற்று விலகியே இருக்கும். சரிவில் அப்படியன்று. மேல்பக்கத்துப் புல் சுடருக்கு வெகு அருகில் இருக்கிறது. சூடான காற்று சலனத்தால் சரிவை ஒட்டியே மேலேறுகிறது. சுடரின் கதிர்வீச்சும் அந்தப் புல்லின்மீது விழுகிறது. தீ வந்து தொடுமுன்பே புல் காய்ந்து, பற்றிக்கொள்ளத் தயாராகிவிடுகிறது. சரிவு 10° கூடினால் மேலேறும் தீயின் வேகம் ஏறத்தாழ இரு மடங்காகும் என்பது வல்லுநர்கள் கையாளும் தோராய விதி. அப்படியானால் 30° சரிவில் வேகம் 2 × 2 × 2, அதாவது எட்டு மடங்கு! மனிதனோ சரிவில் ஏறும்போது சமதரையைவிட மெதுவாகவே ஓடுவான். ஆகவே கீழிருந்து தீ வந்தால் மேல்நோக்கி ஓடித் தப்ப நினைக்கக் கூடாது. பக்கவாட்டில் விலகி, புல் இல்லாத பாறை வெளியையோ, ஏற்கெனவே எரிந்து அடங்கிய நிலத்தையோ அடைவதே நல்லது. இவை எல்லாவற்றுக்கும் முன்னால், கோடையில் காய்ந்த காட்டுக்குள் வனத்துறையின் அனுமதியும் வழிகாட்டியும் இல்லாமல் காலடி வைக்கக் கூடாது.

நீறு பூத்த நெருப்பு

அனுமதிக்கப்பட்ட இடத்தில் முகாம்தீ மூட்டினாலும், விட்டுப் புறப்படும்போது கவனம் வேண்டும். பலர் மண்ணைத் தள்ளி மூடிவிட்டுப் போகிறார்கள். நம் முன்னோர் 'நீறு பூத்த நெருப்பு' என்று சொல்லி வைத்தது வீணில்லை. சாம்பலும் காய்ந்த மண்ணும் அரிதிற் கடத்திகள். அவை உள்ளே இருக்கும் தணலின் வெப்பத்தைப் பல மணி நேரம் காத்து வைக்கும். பிறகு ஒரு காற்று அடித்தால் போதும்.

நீரை ஊற்றுங்கள். 25° செ. வெப்பநிலையிலுள்ள 1 கிராம் நீர் 100°-க்குச் சூடேற 75 கலோரி, ஆவியாக மேலும் 540 கலோரி, ஆக 615 கலோரியை எடுத்துக்கொள்கிறது. 1 லிட்டர் நீர் முழுதும் ஆவியானால் 6,15,000 கலோரி! ஊற்றுங்கள், கிளறுங்கள், மறுபடி ஊற்றுங்கள். புறங்கையை அருகில் கொண்டு சென்றால் சூடே தெரியக் கூடாது. அப்போதுதான் தீ அணைந்தது என்று பொருள்.

செய்து பாருங்கள், சிந்தியுங்கள்

1. ஒரே மாதிரியான இரு எவர்சில்வர் தட்டுகளில் ஒன்றைத் திறந்த வெளியிலும் மற்றொன்றை மரத்தடியிலும் மார்கழி இரவில் வையுங்கள். காலையில் எதில் பனித்துளி அதிகம்? ஏன்?

2. காற்றோட்டமில்லாத கூடாரத்தில் காலையில் துணியின் உட்புறம் நனைந்திருக்கும். அந்த நீர் எங்கிருந்து வந்தது?

3. 20° சரிவில் தீயின் வேகம் சமதரையில் உள்ளதைப் போல எத்தனை மடங்கு?

விடைகளை உங்கள் அணியில் உள்ளவர்களோடு பேசி முடிவு செய்யுங்கள். அடுத்த முகாமுக்குப் புறப்படுமுன் அந்தப் பேச்சு நடந்துவிட்டால் மிகவும் நல்லது.