பால்மாவா, பசும்பாலா: எது சூழலுக்குப் பாரம்?

கேள்வி: நான் வெள்ளவத்தையில் தொடர்மாடியொன்றில் வசிக்கிறேன். பிறந்து வளர்ந்தது கொட்டாஞ்சேனையில். அந்த நாட்களில் விடியற்காலையில் வாசலுக்கே பால் வரும். இப்போது எங்கள் வீட்டில் பால்மாதான். தரம் ஒன்பதில் படிக்கும் மகள், பாடசாலையில் காலநிலை மாற்றம் பற்றிப் படித்த பிறகு பால் குடிக்க மறுக்கிறாள். "வாகனங்களை விட மாடுகள்தான் கூடுதலாக வாயு விடுகின்றன" என்கிறாள். மாமியாருக்கோ பால்தேத்தண்ணி இல்லாமல் பொழுது விடியாது. கப்பலில் வரும் நியூசிலாந்துப் பால்மாவை விட்டு மலையகத்துப் பசும்பாலுக்கு மாறினால் சூழலுக்கு நல்லதா? அல்லது சோயாப் பால், பாதாம் பால் என்று மாறத்தான் வேண்டுமா? மாடு மேய்வதால் காடு அழிகிறது என்பதும் உண்மையா, டொக்டர்?
- வாசகி, வெள்ளவத்தை

பதில்: உங்கள் மகள் சொல்லும் ஒப்பீடு, ஐ.நா. உணவு விவசாய நிறுவனம் 2006இல் வெளியிட்ட அறிக்கையிலிருந்து பரவியது. பசுங்குடில் வாயுக்களில் 18 வீதம் கால்நடைகளால் வருகிறது, அது போக்குவரத்தின் பங்கை விடக் கூட என்றது அந்த அறிக்கை. ஆனால் மாட்டின் பக்கத்தில் தீவனத்துக்காக வெட்டிய காடு, போட்ட உரம், ஓடிய லொறி என்று எல்லாவற்றையும் கூட்டியவர்கள், வாகனத்தின் பக்கத்தில் எரிந்த எரிபொருளை மட்டுமே கணக்கிட்டார்கள். இது சமமான ஒப்பீடு அல்ல என்பதை அறிக்கையை எழுதியவர்களில் ஒருவரே பின்னர் ஒத்துக்கொண்டார். அதே நிறுவனம் 2013இல் 14.5 வீதம் என்றும், 2023இல் ஏறத்தாழ 12 வீதம் என்றும் கணக்கிட்டது. இதைச் சொல்லிப் பிள்ளையின் வாயை அடைத்துவிடாதீர்கள். 12 வீதம் என்பதே பெரிய பங்குதான். அவளுடைய கவலை நியாயமானது.

மாடு புல்லைச் செரிக்கும்போது அதன் முதல் இரைப்பையிலுள்ள நுண்ணுயிர்கள் மெதேன் வாயுவை உண்டாக்குகின்றன. அதில் பெரும்பங்கு ஏப்பமாகவே வெளியேறுகிறது. மெதேன் வளிமண்டலத்தில் ஏறத்தாழ 12 ஆண்டுகள்தான் நிற்கும். ஆனால் நூறாண்டுக் கணக்கில் பார்த்தால் அதே எடையுள்ள காபனீரொட்சைட்டைப் போல 27 மடங்கு வெப்பத்தைப் பிடித்து வைக்கும். நாளுக்கு 2 லீற்றர் கறக்கும் மாடும் ஏப்பம் விடுகிறது, 20 லீற்றர் கறக்கும் மாடும் ஏப்பம் விடுகிறது. இரண்டாவது மாடு கூடுதலாகத் தின்று கூடுதலாக விட்டாலும், ஒரு லீற்றருக்கு எவ்வளவு என்று பிரித்தால் முதலாவதன் கணக்குத்தான் பெரிதாக வரும். அதனால்தான் "உள்ளூர்ப் பால் என்றால் சுத்தம், வெளிநாட்டுப் பால் என்றால் அசுத்தம்" என்று என்னால் ஒரே வரியில் பதில் எழுத முடியவில்லை.

முதலில் கப்பலை மறந்துவிடுங்கள். பெரிய சரக்குக் கப்பலில் வரும் ஒரு பக்கற்றின் பங்குக்கு எரியும் எண்ணெய் மிகக் கொஞ்சம். ஒரு கிலோ பால்மாவுக்கு ஏறத்தாழ 8 லீற்றர் பால் வேண்டும். உங்கள் அலுமாரியிலுள்ள 400 கிராம் பக்கற்றுக்குள் 3 லீற்றருக்கு மேல் அடங்கியிருக்கிறது. அந்தப் பாலிலுள்ள தண்ணீரை ஆவியாக்கும் வெப்பத்துக்குத்தான் கூடுதல் செலவு. நியூசிலாந்தின் தென் தீவிலுள்ள ஆலைகள் நெடுங்காலம் நிலக்கரியை எரித்தே பாலை உலர்த்தின. 2037க்குள் நிலக்கரியைக் கைவிடுவதாக அந்நாட்டின் பெரிய பால் நிறுவனமான ஃபொன்டெரா சொல்லியிருக்கிறது. இருந்தும் அங்கே கறக்கும் ஒரு கிலோ பாலுக்குப் பண்ணை வாசல் வரை வெளியாகும் வாயுக்களின் கணக்கு, காபனீரொட்சைட்டாக மாற்றிப் பார்த்தால், ஒரு கிலோவுக்கும் குறைவு. உலகச் சராசரி 2.5 கிலோவுக்குக் கிட்ட.

வாயுக் கணக்கில் தேறிவிட்ட அந்தப் பால் தண்ணீர்க் கணக்கில் தவறுகிறது. அதோடு தொடர்புள்ள ஒரு விடயம் கொழும்பிலும் ஒரு தடவை பெரிய செய்தியானது. 2013 ஓகஸ்டில் நியூசிலாந்துப் பால்மாவில் டி.சி.டி. என்ற இரசாயனம் இருப்பதாகச் சொல்லிச் சுகாதார அமைச்சு சில தொகுதிகளை மீளப் பெறச் சொன்னதும், நீதிமன்றம் விற்பனைக்குத் தற்காலிகத் தடை போட்டதும் உங்களுக்கு நினைவிருக்கலாம். ஃபொன்டெரா அந்தப் பரிசோதனை முடிவுகளை ஏற்கவில்லை. கிடைத்த சிறு அளவால் உடலுக்குத் தீங்கில்லை என்றே நியூசிலாந்து அதிகாரிகளும் சொன்னார்கள். நாம் அப்போது "பாலில் நஞ்சா?" என்று மட்டும் கேட்டோம். புல்லுக்கு அந்த மருந்தை ஏன் தெளித்தார்கள் என்று கேட்டிருந்தால் முழுக் கதையும் தெரிந்திருக்கும்.

மேய்ச்சல் நிலமொன்றில் நடந்து பார்த்தால், வெளிர் பச்சைப் புல்லுக்கு நடுவே கரும்பச்சைத் திட்டுகள் தெரியும். மாடு சிறுநீர் கழித்த இடங்கள் அவை. அந்தச் சிறு திட்டுக்குள் மட்டும் விழும் நைதரசன், ஒரு ஹெக்டேயருக்கு 700 கிலோ உரம் போட்டதற்குச் சமமாகலாம். புல் எவ்வளவுதான் உறிஞ்சும்? மிச்சத்தை மண்ணிலுள்ள பக்டீரியாக்கள் நைத்திரேற்றாக மாற்றுகின்றன. மழை அதைக் கழுவி நிலத்தடி நீருக்கும் ஆற்றுக்கும் கொண்டுபோகிறது. ஒரு பங்கு நைதரசு ஒட்சைட்டாக மேலே போகிறது. அது காபனீரொட்சைட்டை விட 270 மடங்களவு வெப்பத்தைப் பிடிக்கும் வாயு. டி.சி.டி. அந்தப் பக்டீரியாக்களின் வேகத்தைக் குறைக்கும் மருந்து. அதாவது ஆறுகளைக் காப்பாற்றத்தான் அதைத் தெளித்தார்கள். 2013 ஜனவரியிலேயே அதன் விற்பனையை அங்கு நிறுத்திவிட்டார்கள். ஆறுகளின் பிரச்சினை நிற்கவில்லை. அந்நாட்டின் வறண்ட கன்ரபரிச் சமவெளியில் நீர்ப்பாசனம் செய்து பாற்பண்ணைகளைப் பல மடங்கு பெருக்கியதில், பிள்ளைகள் குளித்த செல்வின் ஆற்றில் குளிக்க வேண்டாமென்று அறிவிக்கும் நிலை வந்தது. 2021 ஜூலையிலிருந்து மேய்ச்சல் நிலத்துக்கு ஹெக்டேயருக்கு ஆண்டொன்றுக்கு 190 கிலோவுக்கு மேல் செயற்கை நைதரசன் போடக்கூடாதென்று அங்கே சட்டம் இருக்கிறது. 50 இலட்சத்துக்குச் சற்றுக் கூடுதலான மக்கள் வாழும் நாட்டில் ஏறக்குறைய 60 இலட்சம் பாற்பண்ணை மாடுகள். கறக்கும் பாலில் 95 வீதமளவு வெளிநாடு போகிறது. நம் தேத்தண்ணிக்கான விலையில் ஒரு பகுதியை அந்த ஆற்றங்கரை மக்கள் கட்டுகிறார்கள்.

அந்த நைதரசனின் பயணம் அங்கேயே முடிவதுமில்லை. பாலின் புரதமாகக் கொழும்புக்கு வந்து, நம் உடல் வழியாக நகரத்துக் கழிவுக் குழாய்க்குள் போய், வெள்ளவத்தையிலும் முகத்துவாரத்திலும் உள்ள இரண்டு வெளியேற்றக் குழாய்களால் கடலில் சேர்கிறது. எந்த மண்ணுக்கும் திரும்பிப் போவதில்லை. என்னைக் கேட்டால், பால் விஷயத்தில் பார்க்க வேண்டியது இதைத்தான்: மாடு எதைத் தின்றது, அதன் சாணமும் மூத்திரமும் எங்கே போயின.

இந்தக் கேள்வியோடு மலையகத்துக்குப் போவோம். பொகவந்தலாவைப் பக்கம் லயன்களுக்குப் பின்னால் ஒன்றிரண்டு பசுக்களைக் கொட்டிலில் கட்டி வளர்ப்பார்கள். கொழுந்து எடுத்துவிட்டு வரும் பெண்கள் ஓடைக்கரையிலும் பாதையோரத்திலும் அறுத்த புல்லைத் தலைச்சுமையாகக் கொண்டுவந்து போடுவார்கள். சிலர் கோயம்புத்தூர் விவசாயப் பல்கலைக்கழகம் உருவாக்கிய கோ-3 புல்லைக் கொட்டிலருகே நட்டிருப்பார்கள். சாணம் லீக்ஸ், கரட் பாத்திக்குப் போகும். புல் பாலாகி, சாணம் எருவாகி, மறுபடி மண்ணுக்கே போகிறது. நான் கண்டவற்றில் நமது நாட்டுக்கு மிகவும் பொருந்தும் பாற்பண்ணை இதுதான். குறை இல்லாமலில்லை. பாத்தி இல்லாத வீடுகளில் கொட்டிலைக் கழுவும் தண்ணீர் நேரே கானுக்குள் ஓடும். பொகவந்தலாவைக் கான்கள் காசல்ரீ நீர்த்தேக்கத்துக்கும், அங்கிருந்து கெகெல்கமு ஓயா வழியாகக் களனி கங்கைக்கும் போகின்றன. அம்பத்தலையில் சுத்திகரித்து உங்கள் வீட்டுக் குழாய்க்கு வருவது களனித் தண்ணீர்தான். ஒவ்வொரு கொட்டிலுக்கும் ஒரு சாணக் குழி, முடிந்த இடத்தில் சாண எரிவாயு: இதற்கு அரசாங்கமும் பால் சேகரிக்கும் நிறுவனங்களும் செலவழிக்க வேண்டும். யாழ்ப்பாணத்திலும் இதே பாடம் உண்டு. அங்கே சுண்ணாம்புக் கல்லுக்குள் தண்ணீர் இருப்பதால், கிணற்றடியில் குவிக்கும் எருவும் தோட்டத்துக்குப் போடும் உரமும் மழையோடு கிணற்றுக்குள் இறங்கிவிடும்.

ஆனால் அரசாங்கங்களுக்குப் பெரிய திட்டங்களில்தான் ஆசை. பால்மா இறக்குமதியைக் குறைக்கப் போவதாகச் சொல்லி, 20,000 மாடுகளை வெளிநாட்டிலிருந்து கொண்டுவரும் திட்டத்தில் 2017இல் 5,000 மாடுகள் வந்தன. குளிர் நாட்டு மாடு நம் தாழ்நிலத்து வெயிலில் மூச்சு வாங்கும். அடர் தீவனம் கேட்கும். நோய்க்கு இலகுவில் ஆளாகும். பல மாடுகள் செத்தன. கடன் எடுத்த பண்ணையாளர்கள் நொடித்துப் போனார்கள். பால் தருமுன்னே சாகும் மாட்டின் சூழல் செலவுக்கு ஈடாக ஒரு கோப்பைத் தேத்தண்ணிகூடக் கிடைப்பதில்லை.

இனி மேய்ச்சல். காட்டுக்குள் மாடு மேய்ப்பதால் கேடு உண்டு, மறுக்கவே மாட்டேன். உடவளவை தேசிய பூங்காவுக்குள் சட்டவிரோதமாக ஓட்டும் மாடுகள் யானையின் புல்லைத் தின்கின்றன. இளந்தளிர் வருவதற்காகக் காய்ந்த புல்லுக்கு நெருப்பு வைப்பவர்களும் உண்டு. 1950களில் அம்பாந்தோட்டைப் பக்கம் கொண்டுவந்த சீமைக்கருவேல மரம் புந்தல தேசிய பூங்காவை மூடியதில் மாடுகளுக்கும் பங்குண்டு. காயைத் தின்று சாணத்தோடு விதையைப் பரப்பின. ஆனால் மாடு காட்டுக்குள் ஏன் போகிறது?

மட்டக்களப்புப் பட்டிக்காரர்களின் ஆண்டைப் பாருங்கள். அறுவடை முடிந்தால் மாடுகள் வயலில் வைக்கோல் தாளை மேய்ந்து, அங்கேயே எருப் போடும். பெரும்போகத்துக்கு வயல் விதைத்ததும் மாட்டை அங்கே வைத்திருக்க முடியாது. மேற்கே மயிலத்தமடு, மாதவனை மேய்ச்சல்தரைக்குச் சாய்த்துக்கொண்டு போவார்கள். வயலும் மேய்ச்சல்தரையும் மாறி மாறி இளைப்பாறும் ஒழுங்கு அது. அந்தத் தரையில் வெளிமாவட்டங்களிலிருந்து வந்தவர்கள் சோளம் போடத் தொடங்கியதும் ஒழுங்கு உடைந்தது. சுடப்பட்டும் பொறியில் சிக்கியும் மாடுகள் சாவதாகப் பண்ணையாளர்கள் முறையிட்டார்கள். 2023 செப்டெம்பரில் சித்தாண்டியில் தொடர் போராட்டம் தொடங்கினார்கள். இதை நிலத் தகராறு என்றும் இன முரண் என்றும் பத்திரிகைகள் எழுதின, இரண்டும் உண்மை. அதோடு இது ஒரு சூழல் பிரச்சினையும்கூட. மேய்ச்சல்தரையைப் பறித்தால் மாடு மறைந்துபோவதில்லை. குளக்கட்டுக்கும் அடுத்தவன் வயலுக்கும் வனவிலங்குக் காட்டுக்கும் போகும். பிறகு "மாடு காட்டை அழிக்கிறது" என்போம். அங்கே விளையும் சோளமும் பெரும்பாலும் கோழித் தீவனத்துக்கும் கால்நடைத் தீவனத்துக்கும்தான் போகிறது என்பது எனக்கு ஆறாத வருத்தம். நாட்டு மாடும் எருமையும் குறைவாகத்தான் கறக்கும், லீற்றருக்கு மெதேன் கூடத்தான். ஆனாலும் மனிதர் தின்ன முடியாத புல்லையும் வைக்கோலையும் தின்று, உழவுக்கு எருவும் கொடுத்துக் காலி வீதிக் கடைகள் வரை தயிர்ச் சட்டி அனுப்பும் மாட்டை, மெதேன் கணக்கு ஒன்றை மட்டும் வைத்து நான் தள்ளிவிட மாட்டேன்.

உங்கள் வீட்டுக்கு வருவோம். மகள் பாலை விட விரும்பினால் விடட்டும், வற்புறுத்த வேண்டாம். 2018இல் வெளிவந்த ஒக்ஸ்போர்ட் ஆய்வின்படி சோயா, ஓட்ஸ், பாதாம் பால்களின் வாயுக் கணக்கு பசும்பாலில் மூன்றிலொரு பங்களவு அல்லது அதற்கும் குறைவு. பாதாமுக்கு மட்டும் தண்ணீர் நிறைய வேண்டும். நம் கடைக்கு வரும்போது விலையும் எட்டாது. சோயாப் பால் போதும். தேங்காய்ப்பாலைப் பாலுக்குப் பதிலென்று எண்ண வேண்டாம். புரதமும் கல்சியமும் அதில் சொற்பம். வளரும் பிள்ளைக்கு முள்ளோடு தின்னும் நெத்தலி, குரக்கன், எள்ளு, முருங்கையிலை கொடுங்கள். மீனோ முட்டையோ சாப்பிட்டால் பி12 பற்றிப் பயமில்லை. அதையும் விட்டால் குளிசை வேண்டிவரும், குடும்ப வைத்தியரிடம் கேளுங்கள்.

மாமியாரின் தேத்தண்ணியில் கை வைக்காதீர்கள். வயதானவருக்கு அந்தப் புரதமும் கல்சியமும் தேவை. மற்றவர்கள் நாளுக்கு ஒரு கோப்பையைப் பிளேன்டீ ஆக்கலாம். மலையகத்துப் பசும்பால் கட்டுப்படியானால் வாங்குங்கள். உலர்த்தும் வெப்பம் மிச்சம், காசும் கொட்டில் வைத்திருக்கும் குடும்பங்களுக்குப் போகும். ஆனால் அன்றன்றைக்குக் காய்ச்சக்கூடிய அளவு மட்டும் வாங்குங்கள். குளிர்சாதனப் பெட்டியில் இருந்து புளித்துக் கைகழுவும் தொட்டிக்குள் ஊற்றும் பாலுக்கும் மாடு முழுதாகத்தான் தின்றிருக்கும். அப்படி ஊற்ற நேருமென்றால், தேவைக்கேற்பக் கரைக்கும் பால்மாவே உங்கள் வீட்டுக்குத் தோது.